பழைய ஸ்னோமொபைலுக்குப் புதிய எஞ்சின் தேவையா? கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஜனவரிக் கடைசியில் ஒரு மாலை, கனடாவில் ஸ்காபரோவிலிருந்து வந்து நார்த் பேயில் குடியேறிய நண்பர் ஒருவர் தன் ஸ்னோமொபைலை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். முன்னால் ஸ்கி என்னும் சறுக்குக் கட்டைகளும் பின்னால் டிராக் என்னும் சுழலும் ரப்பர்ப் பட்டையும் கொண்ட பனி வண்டி; 1996-இல் செய்தது. விசிறிக் காற்றால் குளிரும் இரட்டைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், 20 அங்குல அகல டிராக். உறைந்த நிப்பிசிங் ஏரியில் மீன்பிடிக் குடிசை இழுப்பதற்காக வாங்கியது. "அண்ணை, இழுவை போய்விட்டது. வேறு எஞ்சின் போடலாமா, இல்லை விற்றுவிடட்டுமா?" என்று கேட்டார்.

குளிர்காலம்தோறும் நான்கைந்து பேராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். வயதான வண்டி என்றாலே எஞ்சின்தான் முடிந்துபோனது என்று எண்ணிவிடுகிறோம். பெரும்பாலும் அது தவறு. நண்பரின் வண்டியில் நான் பார்த்தவற்றைப் பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் வண்டியின் வேலை என்ன என்று கேளுங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களை எடுத்துக்கொள்வோம். ஸ்கி-டூ எலான் 1971-இல் வந்தது. 1996 வரை பெரிய மாற்றமில்லாமல் விற்றது. சிறிய எஞ்சின், இலேசான உடல். ஆழப் பனியில் புதைந்தால் ஒரே ஆள் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பிவிடலாம். அதே நிறுவனத்தின் டன்ட்ரா 1985-இல் ஒற்றைச் சிலிண்டரோடு வந்தது. பெயர் மட்டும் நிலைத்தது. எஞ்சினும் உடலும் காலந்தோறும் மாறி, பின்னர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கூட அதற்குள் வந்தது. காட்டில் விலங்குகளுக்குப் பொறி வைக்கிறவனுக்கு எலானில் மாற்ற ஒன்றுமில்லை. நாள் முழுக்கச் சுமை இழுக்கிறவனுக்கு டன்ட்ராவில் நடந்த மாற்றங்கள் எல்லாம் தேவை. வயது இரண்டாம் பட்சம்.

நிறுவனங்களுக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு ஸ்னோமொபைல் புகைக்கு 2002-இல் விதி வகுத்து, 2006 மாடல்களிலிருந்து அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் உறிஞ்சும் எரிபொருளில் கணிசமான பங்கை எரிக்காமலே வெளியே தள்ளும். ஆகவே நிறுவனங்கள் திருத்தியே ஆக வேண்டியிருந்தது. ஒரு வண்டியை மட்டும் வைத்திருக்கும் உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, கணக்கு வேறு.

சோதனையை எஞ்சினில் தொடங்காதீர்கள். உடம்பைப் பாருங்கள். வண்டியை நன்றாகக் கழுவி, பெட்ரோல் தொட்டியை முக்கால்வாசி காலி செய்து, பக்கவாட்டில் சாய்த்துக் கிடத்துங்கள். டிராக் ஓடும் அலுமினியக் கூடத்தை நாங்கள் டனல் என்போம். சஸ்பென்ஷன் அதில் பூட்டப்படும் இடங்களில் விரலை வைத்துத் தடவுங்கள். தலைமயிர் போன்ற வெடிப்பு கண்ணுக்குத் தப்பினாலும் நகத்தில் தட்டும். ஆணிகள் ஆடுகின்றனவா? ஆடும் ஆணியைச் சுற்றி ஈயத்தைத் தேய்த்தது போலக் கருப்பு வளையம் இருக்கும். உப்புப் போட்ட நெடுஞ்சாலையில் டிரெய்லரில் போய்வந்த வண்டிகளில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். டனலின் இரு பக்கமும் வெடித்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த உடம்பில் எந்த எஞ்சினைப் போட்டாலும் பணம் வீண். நண்பரின் டனலில் நான்கு ஆணிகள் ஆடின, வெடிப்பு இல்லை. தொடரலாம் என்றேன்.

அடுத்தது, எஞ்சினின் விசையை டிராக்குக்குக் கொண்டுபோகும் கிளச்சும் பெல்ட்டும். "எஞ்சினில் பலம் இல்லை" என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்கு நோய் இங்கேதான். பெல்ட் புதியதைவிட 3 மி.மீ. குறுகியிருந்தால் மாற்றுங்கள். முன் கிளச்சின் ஸ்பிரிங் சோர்ந்திருந்தால் வேகம் ஏறுவதற்குள் கியர் விகிதம் மாறிவிடும். எஞ்சின் மூச்சுத் திணறுவது போலத் தோன்றும். நண்பரின் பெல்ட் புதியது, ஸ்பிரிங்கும் சரி. ஆகவே எஞ்சினுக்குப் போனேன்.

அழுத்தமானியை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, இரண்டு பிளக்குகளையும் கழற்றி, அவற்றின் வயர்களை உலோகத்தோடு சேர்த்துவைத்து, திராட்டிலை முழுதாகத் திறந்து, கயிற்றை ஐந்தாறு முறை பலமாக இழுங்கள். இந்த வகை எஞ்சினில் 110 முதல் 130 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் அழுத்தம்) வரை வந்தால் மனம் ஆறலாம். அந்த அளவைவிட முக்கியம், இரண்டு சிலிண்டருக்கும் இடையே உள்ள வேறுபாடு. அது பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நண்பரின் வண்டியில் வலது 118, இடது 92.

இந்த இடத்தில்தான் பலர் புதிய எஞ்சினுக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒன்று நன்றாக இருக்க, மற்றது ஏன் கெட்டது? இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே எண்ணெய். வலது பிளக்கின் முனை பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது. இடது பிளக் சாம்பல் வெளுப்பு. அந்தப் பக்கம் பெட்ரோல் குறைந்து, காற்று கூடி, சூட்டில் வெந்திருக்கிறது.

காற்று எங்கிருந்து வந்தது என்று தேட ஒரு வழி உண்டு. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றி, அது செருகியிருந்த ரப்பர்க் கழுத்தின் வாயையும் புகைபோக்கித் துளையையும் ரப்பர் தக்கையால் இறுக அடைத்தேன். பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துளை வழியாகக் கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றினேன். நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. முள் கண்ணெதிரே சரிந்தது. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைப் பழைய பல் தூரிகையால் ஒவ்வோர் இணைப்பிலும் தடவினேன். ரப்பர்க் கழுத்தின் அடியில், கிளாம்ப் மறைத்திருந்த இடத்தில், கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கழுத்தைக் கழற்றி வளைத்தபோது பிளவு வாயைத் திறந்தது. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல ரப்பர்.

அந்தப் பிளவோடு புதிய எஞ்சினைப் போட்டிருந்தால் அதுவும் அடுத்த பிப்ரவரிக்குள் வெந்திருக்கும். 1990-களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் நான். சில துளி பெட்ரோலைக் காட்டி எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடுவோம். புதிய எஞ்சினுக்கு வழியே இல்லாத காலம். எஞ்சின் நின்றால் எதனால் நின்றது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும். மாற்றிப் போடும் வசதி வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை.

சிலிண்டரைத் திறந்தபோது இடது பிஸ்டனில் கீறல்கள் இருந்தன; பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு நேராக இருந்தது, பேரிங்குகள் அமைதியாகச் சுழன்றன. பிஸ்டன்கள், ரிங்குகள், கேஸ்கட், கிராங்க் சீல்கள், இரண்டு பக்கமும் புதிய ரப்பர்க் கழுத்துகள். பாகங்களுக்கு மட்டும் 640 கனடிய டாலர். சிலிண்டர் தேய்மானம் அளவைத் தாண்டியிருந்தாலோ, கிராங்க் வளைந்திருந்தாலோ வேறு முடிவு எடுத்திருப்பேன்.

"சரி அண்ணை, எஞ்சினை எப்படியும் வெளியே எடுத்துவிட்டோம். நான்கு ஸ்ட்ரோக் ஒன்றைப் போட்டால் என்ன?" என்று நண்பர் கேட்டார். நியாயமான ஆசை. புகை இல்லை, எண்ணெய் கலக்க வேண்டாம், பெட்ரோல் மிச்சம். யமஹா 2003 மாடலாக ஆர்எக்ஸ்-1-ஐக் கொண்டுவந்து, நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் பனியில் எப்படி ஓடும் என்று எல்லாருக்கும் காட்டியது. ஆனால் அது அந்த எஞ்சினுக்காகவே வரைந்த உடல். பழைய உடம்பில் கனமான எஞ்சினை ஏற்றினால் எடை ஸ்கிகளின் மேல் விழும். ஆழப் பனியில் மூக்கால் உழும். மவுண்ட், வயரிங், கிளச் அமைப்பு எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். அந்த உடம்புக்கு என்று செய்யாத எஞ்சினை வைக்காதீர்கள் என்பதே என் முடிவு.

தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கும் இதே பதில்தான்; காரணம் வேறு. அவற்றின் குளிர்விப்பான்கள் டனலுக்கு உள்ளே இருக்கும். டிராக் வாரியடிக்கும் பனிதான் அவற்றைக் குளிர்விக்கிறது. நிப்பிசிங்கில் காற்று பனியைத் துடைத்து எடுத்துப்போன நாட்களில் பல கிலோமீட்டருக்கு வெறும் ஐஸ்தான். அதில் மெல்லக் குடிசை இழுத்தால் எஞ்சின் கொதிக்கும். டிராக் ஓடும் தண்டவாளத்தின் பிளாஸ்டிக் சறுக்குப்பட்டைகளும் பனி ஈரம் இல்லாமல் உருகும். விசிறி எஞ்சினுக்குப் பனி தேவையில்லை. பழையது என்று ஒதுக்கும் அந்த விசிறிதான் இந்த ஏரிக்குப் பொருத்தம்.

எரிபொருள் ஊசிவழி செலுத்தும் முறையை மட்டும் நான் முழுமனதாக வரவேற்கிறேன், அது நிறுவனமே பொருத்தி வரும்போது. ஏன் என்றால், மைனஸ் 30 டிகிரியில் காற்று, பூச்சிய டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ 12 விழுக்காடு அடர்த்தி கூடியது. கார்புரேட்டருக்கு அது தெரியாது. நீங்கள்தான் ஜெட்டை, அதாவது பெட்ரோல் பாயும் துளையை, பெரியதாக மாற்ற வேண்டும். நானே ஒருமுறை மார்ச் மாதத்துக்கான சிறிய ஜெட்டோடு மைனஸ் 34-இல் கிளம்பி, கரையிலிருந்து 11 கிலோமீட்டரில் பிஸ்டனை இறுகவிட்டேன். அன்று நடந்து திரும்பினேன். அதன் பிறகு எந்த மாற்றத்தையும் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: இது நடு ஏரியில் பழுதானால், கையிலுள்ள கருவிகளோடு வீடு திரும்ப முடியுமா?

அந்தக் கேள்வியில் தேறிய மாற்றங்களை நண்பரின் வண்டியில் செய்தோம். ஐஸைக் கீறிப் பொடியைச் சறுக்குப்பட்டைகளின் மேல் தூவும் கம்பிகள் இரண்டு. குறைந்த செலவில் இவ்வளவு பயன் வேறெதிலும் இல்லை. பழைய இரும்பு ஸ்கிகளுக்குப் பதில் அகலமான பிளாஸ்டிக் ஸ்கிகள். பனி ஒட்டாது, மிதக்கும். கைப்பிடிச் சூடேற்றி. மின் ஸ்டார்ட்டர் வைத்தோம், ஆனால் இழுகயிற்றைக் கழற்றவில்லை. ஒருபோதும் கழற்றாதீர்கள். எல்இடி விளக்கு வேண்டுமென்றால் நேரடியாகச் சொருகிவிடாதீர்கள். இத்தகைய பழைய வண்டிகளின் விளக்குக் காயில் மாறுமின்னோட்டம் தருவது, நேராக்கும் ரெக்டிஃபையர் இடையில் இல்லாவிட்டால் விளக்கு துடிக்கும். இருக்கையையும் மறக்க வேண்டாம். உறை கிழிந்து தண்ணீர் குடித்த பஞ்சு உறைந்தால் கல்லின் மேல் உட்கார்வது போலத்தான். முதுகுவலி உள்ளவர்களுக்கு எஞ்சினைவிட இது பெரிய சீர்திருத்தம்.

வாரத்தில் ஆறு நாள் குடிசை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர் என்றால் நான் வேறு மாதிரிச் சொல்வேன். நாளெல்லாம் டூ-ஸ்ட்ரோக் புகையைச் சுவாசிக்க வேண்டாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு வந்த வேலை வண்டி ஒன்றை வாங்குங்கள். வாங்கும்போது பாகம் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1968-இலிருந்து ஸ்னோமொபைல் செய்த யமஹாவே 2023-இல் விலகலை அறிவித்து, வட அமெரிக்காவில் 2025 மாடலோடு நிறுத்திக்கொண்டது.

வேலை முடிந்து எஞ்சினைப் பூட்டிய பிறகு, முதல் 10 மணி நேரம் சுமை இழுக்காமல், ஒரே வேகத்தில் நீண்டநேரம் ஓட்டாமல் பழக்குங்கள். பிறகு அழுத்தத்தை மீண்டும் அளங்கள். நண்பரின் வண்டியில் இப்போது 124, 122. எஞ்சின் மூடியின் உட்புறத்தில் அழியாத மையால் தேதியோடு எழுதிவைத்தோம். அதன் கீழே எந்தக் குளிருக்கு எந்த ஜெட் என்ற பட்டியல். மேல் வரியில் 118, 92 என்ற பழைய எண்களையும் அழிக்காமல் விட்டிருக்கிறோம். அடுத்த முறை மூடியைத் திறப்பவர் அங்கிருந்து தொடங்கட்டும்.