மூட்டு வீக்கமும் டெல்லிக் குளிரும்: நோயறிவதில் நேரும் தவறுகள்

டெல்லியில் மூட்டு வலித்தால் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஊரே எடுத்துக் கொடுத்துவிடும். செப்டம்பர், அக்டோபரில் வலித்தால் சிக்குன்குனியா. தீபாவளிக்குப் பிறகு வலித்தால் குளிர். ஏப்ரலிலும் வலித்தால் வயது. ஆர்.கே.புரத்திலும் கரோல் பாகிலும் மயூர் விஹாரிலும் நம் தமிழர் வீடுகளில் கேட்கும் ஆறுதல் வார்த்தை ஒன்றுதான்: "ஹோலி வரட்டும், வெயில் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்." ஹோலி வருவதற்குள் நான்கு மாதங்கள் ஓடிவிடுகின்றன. உடலின் தற்காப்பு அமைப்பே மூட்டைத் தாக்கும் முடக்குவாதமாக (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருந்தால், அந்த நான்கு மாதங்கள்தான் மிக விலையுயர்ந்தவை. அறிகுறி தொடங்கி மூன்று மாதங்களுக்குள் நோயின் போக்கை மாற்றும் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பது ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. நாமோ அந்தக் காலத்தை ரஜாய்ப் போர்வைக்குள் கழித்துவிடுகிறோம்.

குளிர் வலியைக் கூட்டிக் காட்டும், விறைப்பையும் அதிகமாக்கும், மறுக்கவில்லை. ஆனால் விரல் கணுக்களில் மூட்டுச் சவ்வு அழற்சியுற்று, கல்யாண மோதிரம் கழற்ற வராமல் போவதற்கு ஜனவரி மாதத்தைப் பொறுப்பாக்க முடியாது. குளிரால் உண்மையிலேயே வருவது வேறொன்று. கால்விரல்கள் சிவந்தோ ஊதா நிறமாகவோ தடித்து, கதகதப்பு ஏறியதும் அரிக்கும். அது தோலில் வரும் தொல்லை. பெரும்பாலும் வெயில் வந்ததும் போய்விடும்.

இந்த ஊர்க் குளிர் சில நேரம் நன்மையும் செய்கிறது. தமிழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவருக்கு முதல் டிசம்பரில் குழாய்த் தண்ணீரில் கை வைத்ததும் விரல்கள் வெளுத்து, பிறகு நீலமாகி, பிறகு சிவக்கலாம். ரேனாட் என்று அதற்குப் பெயர். மதுரையிலேயே இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது. இளம்பெண்கள் பலருக்கு இது தீங்கில்லாமல் தனியாக வருவதுண்டு. ஆனால் முப்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினாலோ, விரல் நுனியில் புண் வந்தாலோ, தோல் இறுகினாலோ, மூட்டும் சேர்ந்து வீங்கினாலோ, தோலை இறுக்கும் ஸ்க்ளீரோடெர்மா, பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் போன்ற நோய்களின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டு மறந்துவிடக் கூடாத விஷயம் இது.

மணியைப் பார்த்துச் சொல்லுங்கள்

மூட்டு நோய்களைப் பிரித்தறிய உதவும் முதல் கேள்விக்கு எந்த லேபும் விடை தராது. காலையில் எழுந்ததும் கை விறைப்பாக இருக்கிறதா? எவ்வளவு நேரம்? மூட்டுத் தேய்மானத்தில் பத்து இருபது நிமிடங்களில் இளகிவிடும். பிறகு நடக்க நடக்க, படி ஏற ஏற வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். முடக்குவாதத்தில் விறைப்பு அரை மணிக்கு மேல், பலருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். வேலை செய்யச் செய்யத்தான் இளகும். தோசைக் கரண்டியை இறுகப் பிடிக்க முடியாதவர் பத்து மணிக்குத் துணி பிழிகிறார் என்றால், வீட்டில் உள்ளவர்கள் அவர் நடிப்பதாக நினைத்துவிடுகிறார்கள். நோயின் இயல்பே அதுதான்.

அடுத்த கேள்வி, எந்த மூட்டு? முடக்குவாதம் மணிக்கட்டு, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கணு, விரலின் நடுக்கணு, பாதத்தில் விரல்களின் அடி ஆகிய சிறு மூட்டுகளை விரும்பும். பெரும்பாலும் இரு பக்கமும் வரும். நகத்தை ஒட்டிய கடைசிக் கணுவை அநேகமாக விட்டுவிடும். அந்தக் கடைசிக் கணுவில் கெட்டியான முடிச்சு இருந்தால் தேய்மானம் என்று நினைக்கலாம். அங்கேயே வீக்கமும் நகத்தில் ஊசி குத்தியது போன்ற குழிகளும் இருந்தால் தோல் செதில் செதிலாகும் சோரியாசிஸ் நோய் சார்ந்த மூட்டுவாதமாக இருக்கலாம். அப்போது தலையைச் சொறியும் பழக்கத்தையும் பொடுகு என்று ஒதுக்கிய செதில்களையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மூட்டுக்கும் பொடுகுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் அந்த நோய் தாமதமாகப் பிடிபடுகிறது.

டெல்லிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஊரிலிருந்து வந்து மகனோடு தங்கியிருக்கும் அம்மா, "விடியற்காலையில் கை மடக்க வரவில்லை, குளித்து முடித்தபின் கொஞ்சம் தேவலை, பாதத்தைத் தரையில் வைக்கவே பயமாக இருக்கிறது" என்று தமிழில் விரிவாகச் சொல்கிறார். மகன் மருத்துவரிடம் இந்தியில் ஒரே வரியில் முடிக்கிறார்: உடம்பெல்லாம் வலியாம். நோயறியத் தேவையான அத்தனையும் அந்தச் சுருக்கத்தில் உதிர்ந்துவிடுகிறது. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த மூட்டு, எப்போது தொடங்கியது, காலையில் எத்தனை நிமிடம், வீக்கம் இருந்ததா. வீங்கியிருக்கும் நாளில் கையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் வீக்கம் வடிந்துவிடுவது வழக்கம்.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நோயைத் தேடுவது

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான். மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே ஆர்த்ரைட்டிஸ் புரொஃபைல் என்ற பேக்கேஜைச் செய்துகொண்டு, சிவப்பு எழுத்தில் வந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கலங்குவது.

ஆர்.ஏ. ஃபேக்டர் (ருமட்டாய்டு ஃபேக்டர்) என்ற ரத்தப் பரிசோதனையில் இருந்து தொடங்குவோம். பெயரிலேயே நோய் இருப்பதால் பாசிட்டிவ் என்றால் முடக்குவாதம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நலமாக இருப்பவர்களிலும் சிலருக்கு, வயதாக ஆக இன்னும் சற்று அதிகமானவர்களுக்கு, அது பாசிட்டிவாக வரும். ஹெபடைட்டிஸ் சி, காசநோய், இதய வால்வுத் தொற்று ஆகியவற்றிலும் வரும். மறுபக்கம், முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நெகட்டிவாகவே இருக்கும். ஆன்டி-சிசிபி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை இதைவிட நம்பத்தக்கது. அதுவும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. முடக்குவாதத்தை வகைப்படுத்த அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய்ச் சங்கங்கள் சேர்ந்து 2010இல் வகுத்த அளவுகோலைப் பாருங்கள். மொத்தம் 10 புள்ளிகள், தேவை 6. இந்த இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் சேர்ந்து தரக்கூடியது அதிகபட்சம் 3. மூட்டுகளுக்கு மட்டும் 5 வரை உண்டு. பரிசோதித்து உறுதிசெய்த ஒரு வீங்கிய மூட்டாவது இல்லாவிட்டால் அந்தக் கணக்கையே தொடங்கக் கூடாது. வீங்கிய மூட்டே இல்லாதவர் ஆர்.ஏ. ஃபேக்டரைப் பார்த்துத் தூக்கம் கெடுவதில் அர்த்தமே இல்லை.

இன்னும் மோசமானது ஏ.எஸ்.ஓ. என்ற ரத்தப் பரிசோதனை. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமித் தொற்று சமீபத்தில் வந்துபோனதற்கான தடயம் அது; அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு, கை கால் குடைச்சல் மட்டுமே உள்ள இளைஞர்களுக்கு ருமாட்டிக் காய்ச்சல் என்று சொல்லி மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியை வருடக்கணக்கில் போடுவது நம் நாட்டில் இன்றும் நடக்கிறது. ருமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து வயதில் வரும்; வீக்கம் ஒரு பெரிய மூட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்; இதய வால்வைத் தாக்கும். அதை முடிவுசெய்ய 1944இல் வகுக்கப்பட்டு, 2015இல் திருத்தப்பட்ட ஜோன்ஸ் விதிகள் இருக்கின்றன. உண்மையாகவே அந்நோய் வந்தவர்கள் மருத்துவர் சொல்லும்வரை ஊசியை நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

யூரிக் அமிலம் 7.2 என்று வந்ததும் வீட்டில் பருப்பையும் தக்காளியையும் ராஜ்மாவையும் தடைசெய்துவிடுகிறார்கள். லிட்டரில் பத்தில் ஒரு பங்கு ரத்தத்தில் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் படிகமாகும் வாய்ப்பு உண்டு என்பது உண்மை. ஆனாலும் அளவு உயர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு, அந்தப் படிகங்கள் மூட்டில் சேர்ந்து வரும் கவுட் நோய் வருவதில்லை. கவுட் வந்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: கால் பெருவிரலின் அடி நள்ளிரவில் சிவந்து, போர்வை பட்டால்கூட உயிர் போகும். அந்த வேளையில் ரத்தத்தில் யூரிக் அமிலம் சரியான அளவில் இருப்பதாகக் காட்டவும் செய்யலாம். மூட்டு நீரை எடுத்து நுண்ணோக்கியில் படிகத்தைப் பார்ப்பதுதான் உறுதியான வழி. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு கவுட் அரிது. அவருடைய விரல் வீக்கத்துக்கு யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுப்பது வேறு நோயை வளரவிடுவதாகும். பீரும் ஈரலும்தான் கவனிக்க வேண்டியவை. சாம்பார் என்ன பாவம் செய்தது?

ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் அப்படியே. குறைந்த அளவில் பாசிட்டிவாக நலமானவர்களுக்கும் வரும். வாய்ப்புண், முடி உதிர்தல், வெயில் பட்டால் கன்னத்தில் தடிப்பு, சிறுநீரில் புரதம் போன்றவை இருக்கும்போதுதான் லூபஸைத் தேடுவதில் அதற்குப் பொருள் உண்டு. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்ற நிம்மதியும் ஏமாற்றும். முடக்குவாதத்தில் எலும்பு அரிப்பு எக்ஸ்ரேயில் தெரிய மாதங்கள், சில நேரம் வருடங்கள் ஆகும். அதற்குள் பிடிப்பதுதானே நோக்கம்.

இளைஞர்களின் முதுகு

இருபத்தைந்து வயதுக்காரர் விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு முதுகுவலியால் எழுந்து வீட்டுக்குள் நடக்கிறார். நடந்தால் குறைகிறது, படுத்தால் கூடுகிறது. இதற்கு டிஸ்க் விலகல் என்று பெயர் வைத்து, படுக்கையில் ஓய்வெடுக்கச் சொல்வது நேர்மாறான வைத்தியம். இது முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி உண்டாக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸாக இருக்கலாம். அது நாற்பத்தைந்து வயதுக்குள் தொடங்கும். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும். புட்டத்தில் பக்கம் மாறி மாறி வலிக்கும். கண் சிவந்து வலித்து, வெளிச்சம் கூசி, அடிக்கடி சொட்டு மருந்து போட்ட கதை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இடுப்புக் கூட்டு மூட்டின் எம்.ஆர்.ஐ., எக்ஸ்ரேக்குப் பல வருடங்கள் முந்திக் காட்டும். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுப் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் நோய் உறுதி என்று பயப்பட வேண்டாம். அது உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதே இல்லை.

சிக்குன்குனியாவும் சூடான மூட்டும்

2016இல் டெல்லியைப் புரட்டிப்போட்ட சிக்குன்குனியாவுக்குப் பிறகு பல வீடுகளில் மாதக்கணக்கில் கணுக்கால் வீங்கியிருந்தது. இரு கைகளிலும் வந்து முடக்குவாதம் போலவே அது வேடம் போடும். முதல் சில வாரங்களில் அவசரப்பட்டு முடக்குவாத முத்திரை குத்துவது ஒரு தவறு. மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் நிற்கும்போது "எல்லோருக்கும் இப்படித்தான்" என்று விட்டுவிடுவது அதைவிடப் பெரிய தவறு.

ஒரே மூட்டு திடீரென்று வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் அடித்தால், எண்ணெய் தேய்க்காமல், எம்.ஆர்.ஐ.க்கு நாள் குறிக்காமல், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சீழ் பிடித்த மூட்டு சில நாட்களிலேயே குருத்தெலும்பைத் தின்றுவிடும். ஒரே மூட்டு பல வாரங்களாக மெதுவாக வீங்கினால் நம் நாட்டில் காசநோயை நினைக்காமல் விடக் கூடாது. குழந்தை காலையில் நொண்டினால் அது வளர்ச்சி வலி அல்ல. வளர்ச்சி வலி மாலையிலும் இரவிலும் வரும், மூட்டு வீங்காது. பதினாறு வயதுக்குள் ஆறு வாரம் நீடித்த மூட்டு வீக்கம் இருந்தால் கண் மருத்துவரும் பார்த்தாக வேண்டும். கண்ணுக்குள் அழற்சி வலியே இல்லாமல் வரும்.

மருத்துவரைப் பார்க்கும் முன்னும் பின்னும்

மூட்டு என்றாலே எலும்பு மருத்துவர் என்று போகிறோம். முறிவுக்கும் மாற்று அறுவைக்கும் அவர் வேண்டும். வீக்கத்துக்குப் போக வேண்டியது வாதநோய் மருத்துவரான ருமாட்டாலஜிஸ்ட்டிடம். எய்ம்ஸில் அதற்கெனத் தனித் துறையே இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களின் மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். அட்டைதாரர்கள் பரிந்துரைச் சீட்டு கேட்கும்போது துறையின் பெயரைச் சொல்லியே கேட்கலாம்.

அதற்கு முன் பெயரில்லாத பொட்டல மருந்துகளைத் தவிர்க்க வேண்டும். இரண்டே நாளில் வலி மாயமாக மறைந்து, சில வாரங்களில் முகம் உப்பி, சர்க்கரை ஏறினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். நோயறியும் அடையாளங்களையும் அது அழித்துவிடும். பல வாரம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவரிடம் சொல்லி மெல்லக் குறைக்க வேண்டும்.

முடக்குவாதத்தின் போக்கை மாற்றும் மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் எழுதிக் கொடுத்தால் இணையத்தில் தேடி, புற்றுநோய் மருந்து என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். மூட்டுக்கு அது மிகச் சிறிய அளவில், வாரம் ஒரே நாளில் தரப்படுகிறது. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். உயிருக்கே ஆபத்தான தவறு, அதைத் தினமும் விழுங்குவது. மருந்துக் கடையில் மற்ற மாத்திரைகளோடு ஒரே கவரில் போட்டுக் கொடுக்கும்போது இது நேர்ந்துவிடுகிறது. அட்டையின் மேலேயே கிழமையைத் தமிழில் எழுதி வையுங்கள். அதோடு தரும் ஃபோலிக் அமில மாத்திரையைத் தனி டப்பாவில் வையுங்கள். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். வாயெல்லாம் புண், காய்ச்சல், வறட்டு இருமலோடு மூச்சுத்திணறல் வந்தால் அடுத்த வார மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரை அழையுங்கள்.