கூடாரத்துக்குள் தண்ணீர் மேலிருந்து வரவில்லை

ஐப்பசியில் கல்பாக்கம் தாண்டி ஒரு சவுக்குத்தோப்பு ஓரமாகக் கடற்கரையில் நாங்கள் நான்கு பேர் கூடாரம் போட்டோம். வானிலை எச்சரிக்கையைப் பார்க்காமல் போனது எங்கள் தப்புதான். நள்ளிரவுக்கு மேல் காற்றோடு மழை பிடித்து, அரை மணி நேரத்தில் முதுகுக்கு அடியில் சொதசொத. முளைகள் மணலில் நிற்காமல் பிடுங்கிக்கொண்டது தனிக்கதை. பைகளில் மணலை நிரப்பி, கயிறு கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்ததும் அது நின்றுவிட்டது. தண்ணீர்தான் பிடிபடவில்லை.

தையல் வழியாகத்தான் ஒழுகுகிறது என்று முடிவு கட்டி, வீட்டுக்கு வந்து சீலன்ட் வாங்கிப் பூசி, காயவைத்து, மறுபடி பூசி மூன்று நாள் போனது. மொட்டை மாடியில் ஹோஸ் வைத்து அடித்தால் ஒரு சொட்டு இல்லை. அப்புறம் சந்தேகத்துக்கு, கடற்கரையில் போட்ட மாதிரியே அடியில் நீலத் தார்ப்பாயை விரித்து அடித்தேன். உள்ளே முட்டி போட்ட இடமெல்லாம் ஈரம்!

அப்போதுதான் உறைத்தது, அன்று இரவும் போர்வையின் மேல்பக்கம் காய்ந்துதான் இருந்தது. தார்ப்பாய் கூடாரத்தைவிடச் சுற்றிலும் நாலு விரல் வெளியே நீண்டிருந்தது. கூரையில் வழிந்த மழையை அந்த விளிம்பு ஏந்தி அடியில் அனுப்ப, எங்கள் எடை அதைத் தரைத்துணி வழியாக மேலே அழுத்தியிருக்கிறது. வெறும் மணலாக இருந்தால் உறிஞ்சியிருக்கும்.

விளிம்பை நான்கு பக்கமும் கீழ்ப்புறமாக மடித்து, கூடாரத்துக்கு உள்ளடங்கும்படி போட்டேன். இருபது நிமிடம் ஹோஸ் அடித்தும் தரை காய்ந்தே இருந்தது. சீலன்ட் காசு போச்சு.