பாலக்காட்டு எல்லையோரம் குடிபெயர்வோர்க்கு: அக்கம்பக்கத்தாரின் உதவியைப் பெறும் முறை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், குறிப்பாகக் கொழிஞ்சாம்பாறைப் பகுதியில், தமிழ் பேசுவோர் மிகுதி என்பதால், கோவையிலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ குடிபெயர்வோர்க்கு மொழி பெருந்தடையாக இராது, கூச்சம்தான் தடை.

சாமான்களை இறக்கிய அன்றே இருபுறத்து வீடுகளுக்கும் சென்று, பெயரையும் சொந்த ஊரையும் சொல்லிவிட்டு, குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதிலோடு ஒரு குடம் தண்ணீரும், மாலையில் ஒரு தூக்கு நிறையக் குழம்பும் வந்து சேரும். "எதற்குச் சேச்சி (அக்கா) இந்தச் சிரமம்" என்று ஒருமுறை சொல்லலாம், இரண்டாம் முறை சொன்னால் அவர் மனம் வாடிவிடும். தூக்கை வெறுமையாகத் திருப்பித் தராமல், நாலு முறுக்காவது வைத்துக் கொடுங்கள். பணம் நீட்டுவது மட்டும் கூடவே கூடாது.

வீட்டுப் பெண்கள், 1998-இல் தொடங்கப்பட்ட, கேரள அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டமான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்தை (அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவை) விசாரித்து அறிமுகமாவது நல்லது. ரேஷன் கடை திறக்கும் நேரம் முதல் நம்பகமான ஆட்டோக்காரர் வரை அங்கே தெரிந்துகொள்ளலாம்.

சான்றிதழ் வேலைகளுக்கு, அரசின் இணையச் சேவைகளைச் செய்து தரும் அக்ஷயா மையத்தை நாடுங்கள். மலையாளப் படிவத்தை நிரப்பித் தர வரிசையில் நிற்பவரே முன்வருவதுண்டு. நன்றியோடு ஏற்கலாம், ஆனால் கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத, 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.