அலகு குத்திய கன்னமும் ஆண்டுதோறும் வரும் தவறுகளும்

இந்தத் தைப்பூசத்துக்கு என் அண்ணன் மகன் கன்னத்தில் அலகு குத்திக் காவடி எடுத்தான். கோயிலில் அலகை உருவியதும் திருநீறு வைத்து அழுத்தினார்கள். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தான். கன்னத்தில் மிளகளவு ஒரு தடம், அவ்வளவுதான். "திருநீறுதான் அத்தை ஆற்றிவிட்டது" என்றான். முருகன் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுப்பவள் நான். அந்த மிளகளவு இடத்துக்குள், தோலுக்கு அடியில் உள்ள இணைப்புத் திசுவில், எந்தெந்தச் செல்கள் வேலை பார்த்தன என்று கேட்டால், வருகிற விடைகளில் வருஷா வருஷம் அதே தவறுகள்தான்.

தவறு படம் வரையும்போதே தொடங்கிவிடுகிறது. இணைப்புத் திசுவை வரையச் சொன்னால் செங்கல் அடுக்கியதுபோல் செல்லோடு செல்லை ஒட்டி வரைகிறார்கள். அப்படி நெருங்கி நிற்பது மேலே இருக்கும் தோல் படலம். அதற்கு அடியில் உள்ள இணைப்புத் திசுவில் செல்கள் குறைவு, வெளியே கிடக்கும் நாரும் கூழும்தான் அதிகம். அறுவடை முடிந்த கரும்பு வயலில் ஆங்காங்கே ஆள் நிற்பதுபோல வரையுங்கள் என்பேன். கொழுப்புத் திசு மட்டும் இதற்கு விலக்கு, அங்கே செல்கள் நெருக்கியடித்துத்தான் இருக்கும்.

அடுத்தது, ஃபைப்ரோபிளாஸ்டையே நார் என்று எழுதுவது. ஃபைப்ரோபிளாஸ்ட் நாரை உண்டாக்கும் செல், அது நார் அல்ல. இன்னும் நுணுக்கமான தவறு ஒன்று உண்டு: கொலாஜன் நார் செல்லுக்குள்ளேயே முழுசாகத் தயாராகி வெளியே வருகிறது என்று நினைப்பது. உள்ளே நடப்பது மூன்று புரத இழைகள் கயிறுபோல் முறுக்கிக்கொள்வது வரைதான். அந்தக் கயிறு வெளியே வந்தபின் நுனிகள் வெட்டப்பட்டு, பல கயிறுகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்தால்தான் நார். முறுக்கு பிடித்து நிற்க விட்டமின் சி வேண்டும். அது கிடைக்காத நெடுங்கடல் மாலுமிகளுக்கு ஈறு கசிந்தது, எப்போதோ ஆறிய தழும்புகூடத் திரும்பப் பிரிந்தது. தழும்பு என்றால் ஒருமுறை தைத்துவிட்ட தையல் என்று நினைக்கிறோம். அங்கே பழைய நார் கரைவதும் புது நார் சேர்வதும் ஓயாமல் நடக்கிறது. என் மருமகனுக்கு இதைச் சொன்னபோதுதான் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். காயத்தின் ஓரங்களை இழுத்துச் சேர்ப்பதும் ஃபைப்ரோபிளாஸ்டின் இன்னொரு வேஷம்தான். அப்போது அதற்குத் தசையைப்போல் சுருங்கும் சக்தி வந்துவிடுகிறது.

சரி, வீட்டு ஆள் யார், விருந்தாளி யார்? இங்கேதான் குழப்பம் அதிகம். ஃபைப்ரோபிளாஸ்ட், கொழுப்புச் செல், மாஸ்ட் செல், ஒரு பகுதி மேக்ரோஃபேஜ்கள் (விழுங்கும் செல்கள்) எல்லாம் திசுவிலேயே குடியிருப்பவை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு ரத்தத்திலிருந்து ஓடிவருவது. காயம் பட்ட சில மணி நேரத்தில் அது வந்துவிடும், மோனோசைட்டுகள் என்ற வேறு வெள்ளை அணுக்கள் பின்னால் வந்து மேக்ரோஃபேஜாக மாறும். எல்லா மேக்ரோஃபேஜும் மோனோசைட்டிலிருந்துதான் வந்தது என்று எழுதினால் நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். மூளையில் இருக்கும் மைக்ரோக்ளியா போன்றவை கருவில் இருக்கும்போதே வந்து குடியேறி, அங்கேயே பெருகுகின்றன. மேக்ரோஃபேஜைக் குப்பை அள்ளுகிற ஆள் என்று மட்டும் எழுதுவதும் போதாது. ஃபைப்ரோபிளாஸ்டை வேலைக்கு அழைக்கும் மேஸ்திரியும் அதுதான்.

மாஸ்ட் செல் என்றதும் ஒரு பையன் கப்பல் பாய்மரத்தை நினைத்துக்கொண்டு, திசுவைத் தாங்கி நிற்பது என்று எழுதியிருந்தான். சிரித்துவிட்டேன், பிறகு பாவமாகவும் இருந்தது. 1878இல் பால் எர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவ ஆய்வாளர் தன் ஆய்வேட்டில் வைத்த ஜெர்மன் பெயர் அது. உள்ளே மணிமணியாக நிறைந்திருப்பதைப் பார்த்து, நன்றாகத் தின்று கொழுத்த செல் என்று எண்ணினார். உண்மையில் அந்த மணிகள் தின்ற சோறு அல்ல, ஹிஸ்டமின், ஹெப்பாரின் என்ற வேதிப்பொருள்களைக் கட்டி வைத்த பொட்டலங்கள். அலகு இறங்கிய சில நிமிடத்தில் சுற்றிச் சிவந்து வீங்கியதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. ரத்தத்தில் சுற்றும் பேசோஃபில் என்ற வெள்ளை அணுவிலும் இதேபோல் மணிகள் இருப்பதால் இரண்டும் ஒன்று என்பார்கள். ஒன்று அல்ல, மாஸ்ட் செல் முதிர்வது திசுவுக்குள். வழக்கமான இளஞ்சிவப்பு-ஊதாச் சாயத்தில் அது எளிதில் கண்ணில் படாது. டொலுயிடின் நீலம் போட்டால் நீலத்துக்குப் பதில் செவ்வூதாவாகத் தெரியும்.

இன்னொரு விஷயம். 1882இல் இத்தாலியின் மெசினாவில் மெச்னிகோஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர் நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் முள்ளைக் குத்தி, செல்கள் அதைச் சூழ்வதைப் பார்த்தார். விழுங்கும் செல்களின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1908 நோபல் பரிசை அவரும் எர்லிக்கும் பகிர்ந்துகொண்டார்கள்.

பிளாஸ்மா செல்லுக்கும் ரத்தப் பிளாஸ்மாவுக்கும் பெயர் ஒற்றுமைதான். முன்னது பி லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுவிலிருந்து உருவாகி ஆன்டிபாடி சுரக்கும் செல், பின்னது திரவம்.

எலும்புக்குப் போனால் கட்டுகிற ஆஸ்டியோபிளாஸ்ட், இடிக்கிற ஆஸ்டியோகிளாஸ்ட். ஒரே எழுத்து வித்தியாசத்தில் கட்டுகிறவனும் இடிக்கிறவனும் இடம் மாறிவிடுகிறார்கள். இருவரும் அண்ணன் தம்பி என்று எழுதுவது அதைவிடப் பெரிய தவறு. பல உட்கருக்கள் கொண்ட அந்த இடிக்கும் செல் மேக்ரோஃபேஜின் உறவுக்காரன். கட்டும் செல்லோ ஃபைப்ரோபிளாஸ்டின் பக்கம்.

கடைசியாக, கொழுப்புச் செல். போன வாரம் ஒரு பெண் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "இது வெறும் ஓட்டை டீச்சர், உள்ளே ஒன்றுமே இல்லை" என்றாள். ஸ்லைடு தயாரிக்கும்போது ஆல்கஹாலும் சைலினும் கொழுப்பைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். மிஞ்சுவது மெல்லிய விளிம்பும், ஓரத்தில் ஒதுங்கிய உட்கருவும். கல் பதித்த மோதிரம் மாதிரி இருக்கும், உற்றுப் பார் என்றேன். கொஞ்ச நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அப்புறம் தன் படத்தில் "காலி" என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டு, ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தாள்.