பால்கனில் சைக்கிள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாடுகளைக் குறைந்த செலவில் சைக்கிளில் சுற்றக் கிளம்புகிறவர்களின் திட்டம் மலையேற்றத்தில் குலைவதைவிட எல்லைச் சாவடியில் குலைவதே அதிகம். நாடுகள் சிறியவை, அடுத்தடுத்து இருப்பவை என்பதால், போகிற போக்கில் வழியை முடிவு செய்துகொள்ளலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

குரோஷியாவின் ஸ்ப்ளிட்டிலிருந்து அதே நாட்டின் டுப்ரோவ்னிக்குக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர், நெயும் என்ற ஊரை ஒட்டிச் சுமார் இருபது கிலோமீட்டர் நீளக் கரையில் பொஸ்னியாவுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் வட்டத்தில் குரோஷியா 2023 ஜனவரியில் சேர்ந்துவிட்டதால், ஒருமுறை நுழைவு விசாவில் வந்தவர் நெயுமுக்குள் போன கணமே அந்த விசா முடிந்துவிடுகிறது. டுப்ரோவ்னிக் அருகில் இருந்தும் பயனில்லை. ப்ளோச்சே துறைமுகத்தில் ஃபெரி ஏறி ட்ர்பான்யில் இறங்கி, பெல்யெஷாட்ஸ் தீபகற்பம் வழியாகப் போனால் எல்லையே குறுக்கிடாது. பலமுறை நுழைவு ஷெங்கன் விசா கிடைத்தால், சுற்றியுள்ள நாடுகளில் பலவும் அதை ஏற்பதால், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனாலும் விதிகள் மாறக்கூடியவை என்பதால் ஒவ்வொரு நாட்டின் தூதரக அறிவிப்பையும் புறப்படும் முன் பார்ப்பது அவசியம். ஷெங்கனில் தங்க அனுமதிக்கப்படும் தொண்ணூறு நாள் தீர்ந்தால் பல்கேரியாவில் போய்க் காத்திருக்கலாம் என்ற பழைய யோசனையும் இனி உதவாது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி முதல் தரை எல்லைகளிலும் ஷெங்கனின் முழு உறுப்பினர்கள்.

நாடுகளைக் கடக்கும் வரிசையும் முக்கியம். கொசோவோ 2008இல் அறிவித்த சுதந்திரத்தைச் செர்பியா ஏற்கவில்லை, அதைத் தன் பகுதியாகவே கருதுகிறது. அதனால் அல்பேனியா வழியாகக் கொசோவோவுக்குள் வந்து, அங்கிருந்து நேரே செர்பியாவுக்குள் போக முயன்றால், முறையான நுழைவு முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பப்படலாம். செர்பியாவை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் வடக்கு மாசிடோனியா வழியாகச் சுற்றிச் செல்லுங்கள். செர்பியாவில் தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிவு செய்யப்பட வேண்டும். விடுதிகள் இதைத் தாமே செய்துவிடும். கூடாரத்தில் தங்குகிறவர்தான் மறந்துவிடுவார். விடுதிகள் தரும் பதிவுச் சீட்டுகளை வெளியேறும் வரை பத்திரப்படுத்துவது நல்லது.

கூடாரம் என்றதும் பொஸ்னியாவைச் சொல்லியாக வேண்டும். மோஸ்டாரிலிருந்து டுப்ரோவ்னிக் நோக்கிப் பழைய குறும்பாதை ரயில் தடத்தின் மீதே அமைந்த சீரோ பாதை, இந்தப் பகுதியின் மிக இனிமையான சைக்கிள் வழிகளில் ஒன்று. ஆனால் 1992 முதல் 1995 வரை நடந்த போரில் புதைத்த கண்ணிவெடிகள் நாட்டின் பல இடங்களில் இன்னும் அகற்றப்படவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை கண்ணில் பட்டால் மட்டும் எச்சரிக்கையாக இருந்தால் போதும் என்று எண்ணுவது ஆபத்து. பலகை விழுந்திருக்கலாம், 2014 வெள்ளத்தைப் போல நீர் வெடிகளை இடம்பெயர்த்தும் இருக்கலாம். சிறுநீர் கழிக்கக்கூடப் பாதையை விட்டுப் புதருக்குள் இறங்காதீர்கள். கூடாரத்தை ஊருக்குள் யாரையாவது கேட்டு அவர் தோட்டத்தில் போடுங்கள். பெரும்பாலும் காபியும் கிடைக்கும்.

நாளுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவது இங்கே ஏமாற்றும். மாண்டினீக்ரோவின் கோட்டோர் விரிகுடாவிலிருந்து கொண்டையூசி வளைவுகளில் ஞெகுஷி கிராமத்துக்குப் போகிறவர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் ஏறுகிறார். அன்றைக்கு அது போதும். தூரத்தோடு ஏற்ற உயரத்தையும் காட்டும் செயலியில் திட்டமிடுங்கள். மலைச் சாலைகளில் விளக்கில்லாத சுரங்கங்கள் ஏராளம் என்பதால் முன், பின் விளக்குகள் பகலிலும் தேவை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அட்ரியாட்டிக் கரைச் சாலையில் ஓரமே இல்லாமல் வண்டிகள் நெரியும். மே, ஜூன், செப்டம்பர் நல்லவை.

மேய்ச்சல் நிலத்தில் நாய்கள் துரத்தினால் வேகமாக மிதித்துத் தப்ப முயலாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெல்ல நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

பணத்தில் இரண்டு தவறுகள். ஏடிஎம் கேட்கும்போது உங்கள் நாட்டு நாணயத்தில் மாற்றிக் கணக்கிடச் சம்மதிக்காமல், உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். அல்பேனியாவில் பலர் இன்றும் 1965க்கு முந்தைய பழைய லெக் நாணயக் கணக்கில் விலை சொல்வதால், 'ஆயிரம்' என்றால் நூறாக இருக்கலாம். தாளை நீட்டும் முன் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.