சூர்யாவின் திரைப்பயணத்தைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூர்யாவைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் முதல் வரியிலேயே சிவகுமார் வந்துவிடுகிறார். வரட்டும், அவரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஆனால் "சிவகுமார் பையன், அதனால் சுலபமா வந்துட்டார்" என்று ஒரே வரியில் முடிப்பதும் தவறு, அப்பா பெயரால் ஒரு துளி லாபமும் இல்லை, எல்லாமே சொந்த உழைப்பு என்று ரசிகர்கள் அடித்துப் பேசுவதும் தவறு. இரண்டு தரப்புமே 1997 முதல் 2001 வரை என்ன நடந்தது என்று பார்ப்பதில்லை.

அப்பா பிரபலம் என்றால் எந்த மாதிரிப் பிரபலம் என்று முதலில் பார்க்க வேண்டும். விஜய்யின் அப்பா எஸ்.ஏ.சந்திரசேகர் இயக்குநர். 1992-ல் 'நாளைய தீர்ப்பு' ஓடாமல் போனபோது, 'செந்தூரபாண்டி', 'ரசிகன்', 'தேவா' என்று அடுத்தடுத்து அவரே இயக்கி விஜய்யை நிற்க வைக்க முடிந்தது. சிவகுமார் நடிகர் மட்டும்தான். மகன் நடிக்க வந்தபோது அவருடைய கதாநாயகன் காலமும் முடிந்திருந்தது, 2001-ல் 'பூவெல்லாம் உன் வாசம்' படத்தோடு சினிமாவிலிருந்தே ஒதுங்கிக்கொண்டார். வீட்டில் பணம் கொட்டிக் கிடந்திருக்கும் என்று நினைப்பவர்கள், 2024-ல் சூர்யா கொடுத்த பேட்டியைக் கேட்க வேண்டும்: அம்மா வாங்கியிருந்த 25,000 ரூபாய் கடனை அடைக்கத்தான் நடிக்க வந்ததாக அதில் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பு லயோலாவில் பி.காம். முடித்துவிட்டு, யார் மகன் என்று சொல்லிக்கொள்ளாமல் ஒரு ஆயத்த ஆடை நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, அப்போ அப்பா பெயர் எதையுமே செய்யவில்லையா? செய்தது. நடித்த அனுபவமே இல்லாத ஒரு இளைஞரை இயக்குநர் வசந்த் 'ஆசை' படத்துக்கே கேட்டார், அவர் எனக்கு நடிப்பில் ஆர்வமில்லை என்று மறுத்தும், பிறகு 1997-ல் வந்த 'நேருக்கு நேர்' படத்திலிருந்து அஜித் விலகியபோது மறுபடியும் அவரையே தேடிப் போனார். வெளியூரிலிருந்து வந்து வாய்ப்புக்காக அலைகிற ஒருவருக்கு இப்படி இரண்டு முறை கதவு திறக்காது. அவருடைய இயற்பெயர் சரவணன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு நடிகர் இருந்ததால், தயாரிப்பாளர் மணிரத்னம்தான் சூர்யா என்று பெயர் வைத்தார். முதல் படமே மணிரத்னத்தின் மெட்ராஸ் டாக்கீஸ் தயாரிப்பு, கூட விஜய். இதைவிட நல்ல தொடக்கம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அதற்குப் பிறகுதான் நிறைய பேர் நேராக 'நந்தா'வுக்குத் தாவுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய தவறு. நடுவில் 'காதலே நிம்மதி', 'சந்திப்போமா', விஜயகாந்தோடு எஸ்.ஏ.சந்திரசேகர் இயக்கத்தில் 'பெரியண்ணா', வசந்தின் 'பூவெல்லாம் கேட்டுப்பார்' எல்லாம் இருக்கின்றன. ஆடத் தெரியவில்லை, சண்டை வரவில்லை, முகத்தில் தன்னம்பிக்கை இல்லை என்று அவரைப் பற்றிச் சொன்ன காலம் அது. 2000-ல் 'உயிரிலே கலந்தது' படத்தில் சிவகுமாரே கூட நடித்தார், அதுவும் திருப்புமுனை ஆகவில்லை. அப்பாவின் பெயர் எந்த இடம் வரை கூட வந்தது, எந்த இடத்தில் நின்றுபோனது என்று தெரிய வேண்டுமென்றால் இந்தப் படங்களைத்தான் பார்க்க வேண்டும், ஓடாத படங்கள் என்று ஒதுக்கிவிட்டால் விஷயமே போய்விடும்.

2001 தொடக்கத்தில் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' ஓடியது, ஆனால் அதில் இன்று வரை எல்லோரும் நினைவில் வைத்திருப்பது வடிவேலுவின் நேசமணியைத்தான். அதே வருடக் கடைசியில் 'நந்தா'. 'சேது'வுக்குப் பிறகு பாலா எடுத்த இரண்டாவது படம். அதுவரை சூர்யாவிடம் கேட்கப்பட்டதெல்லாம் சிரிப்பது, காதலிப்பது, ஆடுவது, அதாவது அவருக்கு அப்போது சரியாக வராத வேலைகள். பாலா அதையெல்லாம் எடுத்துவிட்டு, ஒட்ட வெட்டிய முடி, குறைந்த பேச்சு, கண்கள் என்று வைத்தார். தமிழக அரசின் விருதும் கிடைத்தது. 2003-ல் ஒரே வருடத்தில் 'காக்க காக்க'வில் விறைப்பான போலீஸ் அதிகாரி, 'பிதாமகன்' படத்தில் வாயாலேயே பிழைக்கிற சக்தி. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், 'நேருக்கு நேர்' படத்தில் பார்த்த பையன் எங்கே போனான் என்று ஆச்சரியமாக இருக்கும்.

'வாரணம் ஆயிரம்' படத்தை சூர்யா-சிவகுமார் கதையாகப் படிப்பதையும் விட்டுவிடலாம். அப்பாவும் மகனும் சூர்யாவே என்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான், ஆனால் அது கௌதம் மேனன் இறந்துபோன தன் அப்பாவுக்காக எடுத்த படம். உண்மையில் சிவகுமாரின் வாழ்க்கை அந்தப் படத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாது. கோவை சூலூர் பக்கம் கிராமத்தில் பிறந்து, கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பாவை இழந்து, சென்னைக்கு வந்து ஓவியம் படித்து, 1965-ல் 'காக்கும் கரங்கள்' மூலம் நடிகரானவர் அவர். கடவுள் வேடங்கள், துணை வேடங்கள் என்று மெல்ல ஏறி, 1979-ல் 'ரோசாப்பூ ரவிக்கைக்காரி' அவருக்கு நூறாவது படம். இந்த எண்ணிக்கையை சூர்யாவின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு யார் பெரியவர் என்று சண்டை போடுவதும் வீண், ஒரு நடிகர் வருடத்துக்கு எத்தனை படம் செய்வார் என்பதே இரண்டு காலத்துக்கும் வேறு வேறு.

அப்புறம் வருடக் குழப்பம். "சொந்தமா கம்பெனி இருக்கு, அதனால் நிற்கிறார்" என்பவர்கள் வரிசையைப் பார்ப்பதில்லை. உறவினரின் தயாரிப்பு நிறுவனமான ஸ்டுடியோ கிரீன் 2006-ல் 'சில்லுனு ஒரு காதல்' படத்தோடுதான் தொடங்கியது, சொந்த நிறுவனமான 2டி-யின் முதல் படம் '36 வயதினிலே' 2015-ல்தான் வந்தது. ஆனால் 'கஜினி' வந்தது இவை இரண்டுக்கும் முன்பே, 2005-ல். தேசிய விருதிலும் இதே கதை: 'சூரரைப் போற்று' 2020 படம், விருது அறிவிக்கப்பட்டது 2022-ல், அதையும் அஜய் தேவ்கனோடு பகிர்ந்துகொண்டார். அவரும் சினிமாக்காரர் மகன்தான், அப்பா வீரு தேவ்கன் இந்தியில் பெயர்பெற்ற சண்டைப் பயிற்சியாளர்.

கடைசியாக, அண்ணன் தம்பி இரண்டு பேரையும் ஒரே கணக்கில் சேர்க்க வேண்டாம். கார்த்தி அமெரிக்காவில் படித்துவிட்டு, அண்ணன் நடித்த 'ஆய்த எழுத்து' படத்தில் மணிரத்னத்திடம் உதவி இயக்குநராக இருந்து, 2007-ல் 'பருத்திவீரன்' படத்தில் நாயகனானார். இயக்குநர் அமீர், சூர்யாவை வைத்து 'மௌனம் பேசியதே' எடுத்தவர். தயாரிப்பு ஸ்டுடியோ கிரீன். முதல் படத்திலேயே பேர் வாங்கியது கார்த்தியின் திறமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் வந்தபோது அவருக்குப் பின்னால் நின்றது அப்பாவின் பெயரைவிட அதிகமாக அண்ணனின் பத்து வருட உழைப்பு.