பராமரிப்புப் பணியாளர்களையும் தொழில்வழிச் சிகிச்சையாளர்களையும் தேர்ந்தெடுத்து வளர்ப்பது எப்படி

முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் நீண்ட நோயிலிருந்து மீள்பவர்களையும் கவனிக்கும் நிறுவனங்களில், சேர்ந்த சில மாதங்களுக்குள் பணியாளர்கள் விலகிவிடுவது பழகிப்போன குறை. சம்பளம் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் ஆளெடுப்பதை ஒருவரும் பயிற்சி தருவதை இன்னொருவரும் தனித்தனி வேலைகளாகச் செய்து, புதியவர் முதன்முதலில் தடுமாறும் நாளில் இருவருமே அருகில் இல்லாமல்போவது அதற்கு இணையான காரணம் என்பது என் கருத்து. ஆகவே, புதியவரை அன்றாடம் மேற்பார்வை செய்யப்போகிறவரே தேர்வுக் குழுவிலும் அமர வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்வது நல்லது.

விளம்பரம் எழுதுவதற்கு முன் இரண்டு பணிகளின் எல்லையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பராமரிப்புப் பணியாளர் குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், நடக்கத் துணைநிற்றல் போன்ற அன்றாட உதவிகளைச் செய்கிறார். ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் தொழில்வழிச் சிகிச்சையில் பயின்றவரோ, ஒருவர் எந்தெந்தச் செயல்களைத் தாமே செய்ய விரும்புகிறார், எது தடுக்கிறது என்பதை மதிப்பிட்டு, செயலின் முறையையோ கருவியையோ சுற்றுப்புறத்தையோ மாற்றி அமைக்கிறார். இந்த இரண்டும் ஒரே மனிதரின் உடலில்தான் சந்திக்கின்றன. பக்கவாதத்திற்குப் பின் ஒரு கையால் சட்டைப் பொத்தானைப் போடப் பழகிக்கொண்டிருப்பவருக்கு, பாவம் என்று நினைத்தோ அவசரத்திலோ பராமரிப்புப் பணியாளர் அதைப் போட்டுவிட்டால், சிகிச்சையாளரின் ஒரு வார உழைப்பு ஒரு நிமிடத்தில் வீணாகிவிடும். கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதும் வேலைதான் என்பதைப் பணி விவரத்திலேயே எழுதிவிட வேண்டும். சிகிச்சையாளர் கிடைக்கவில்லை என்பதற்காக மதிப்பீட்டுப் பணியைப் பராமரிப்புப் பணியாளரிடம் ஒப்படைப்பது எந்த நிலையிலும் கூடாது.

சிகிச்சையாளரின் தகுதியைச் சரிபார்க்கும்போது சான்றிதழை மட்டும் பார்த்தால் போதாது. 1952-இல் தொடங்கப்பட்ட உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் கூட்டமைப்பு, கல்வித் திட்டங்களுக்கு வகுத்துள்ள குறைந்தபட்சத் தரத்தில் 1,000 மணி நேரக் களப்பயிற்சி இடம்பெறுகிறது. விண்ணப்பதாரர் படித்த திட்டம் அந்தத் தரத்திற்கு உட்பட்டதா, பணிபுரியப்போகும் நாட்டில் பதிவு கட்டாயமெனில் அந்தப் பதிவு நடப்பில் உள்ளதா, களப்பயிற்சி எவ்வகை நோயாளிகளிடம் நடந்தது என்று கேட்க வேண்டும். குழந்தைகளிடம் மட்டும் பயின்ற ஒருவர் முதியோர் இல்லத்திற்குத் தகுதியற்றவர் அல்லர்; அவருக்கு வேறு தொடக்கப் பயிற்சி தேவைப்படும், அவ்வளவே.

விளம்பரத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். இரவு ஷிப்ட், மலஜலம் சுத்தம் செய்தல், மறதிநோய் உள்ளவர்களின் திடீர்க் கோபம், பழகிய ஒருவரின் மரணம் ஆகியவற்றை மறைத்து, "அன்புள்ளம் கொண்டவர்கள் தேவை" என்று மட்டும் எழுதினால், அந்த மறைப்பின் செலவை முதல் மாதத்திலேயே நிறுவனம் செலுத்த நேரும். பணி ஆணை வழங்குவதற்கு முன், இல்லவாசிகளின் சம்மதத்துடன், விண்ணப்பதாரர் அரை நாள் உடனிருந்து பார்க்க வழிசெய்யலாம். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்பவரால் நட்டம் யாருக்கும் இல்லை.

நேர்முகத் தேர்வில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, குழுவினர் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு முன்பே தனித்தனியே மதிப்பெண் இடுவது, மனம்போன போக்கில் உரையாடித் தேர்ந்தெடுப்பதைவிட நம்பகமானது. கேள்விகள் சூழ்நிலையைச் சார்ந்தவையாக இருக்க வேண்டும். மறதிநோய் உள்ள ஒருவர் குளிக்க மறுக்கிறார், அவருடைய மகளோ குளிப்பாட்டியே தீர வேண்டும் என்கிறார், என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். குளிர், கூச்சம், அந்நியரின் முகம் என்று மறுப்பின் காரணத்தைத் தேடுகிறவர், நேரத்தை மாற்றிப் பார்ப்பேன் என்கிறவர், நடந்ததைக் குறித்துவைத்து மேற்பார்வையாளரிடம் சொல்வேன் என்கிறவர் கற்றுக்கொள்ளக்கூடியவர். "எப்படியாவது பேசிச் சம்மதிக்கவைப்பேன்" என்ற பதில் கேட்க இனிமையாக இருந்தாலும் எச்சரிக்கைக்குரியது. சிகிச்சையாளரிடம், வீடு திரும்பப்போகும் ஒருவரிடம் முதலில் எதைக் கேட்பீர்கள் என்று வினவலாம். கழிப்பறைக் கைப்பிடியின் உயரத்தில் தொடங்குகிறவரைக் காட்டிலும், அவருடைய ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதில் தொடங்குகிறவர் மேலானவர். சேவை பெறுபவர் ஒருவரையும் குழுவில் அமர்த்தினால், மற்றவர்களுக்குத் தோன்றாத கேள்விகள் வரும். குற்றப் பின்னணி, முந்தைய பணி ஆகியவற்றின் விசாரணை முடியும்வரை எவரையும் தனியே பணியில் விடக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து ஆளெடுப்பவர்களுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறை, சுகாதாரப் பணியாளர் பற்றாக்குறையால் தவிக்கும் நாடுகளிலிருந்து ஆட்களைத் தேடிப்பிடித்து அழைப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. அந்நிறுவனம் 2023-இல் வெளியிட்ட பட்டியலில் அத்தகைய 55 நாடுகள் இருந்தன. பணியாளரிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பொது விதி. இடைத்தரகர் அதை மீறவில்லை என்பதைப் பணியாளரிடமே தனியே கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். கடனோடு வந்து சேர்கிறவரால் ஒரு தவறைக் கண்டும் வாய் திறக்க முடியாது.

சேர்ந்த பின் வரும் முதல் வாரங்களில், நோயாளியைத் தூக்குதல், திருப்புதல், சக்கர நாற்காலிக்கு மாற்றுதல் ஆகியவற்றைக் காணொளியால் கற்பிக்க முயல வேண்டாம். புதியவர் தூக்கும் கருவியில் தாமே ஒருமுறை தொங்கிப் பார்த்தால்தான் அதில் கிடப்பவரின் அச்சம் புரியும். ஒவ்வொரு திறனையும் அவர் செய்துகாட்டி, அனுபவசாலி ஒருவர் கையெழுத்திட்ட பிறகே தனிப் பொறுப்பு தர வேண்டும். புதிய சிகிச்சையாளருக்கு நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுப்பதோடு, அதே துறையைச் சேர்ந்த மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையையும் உறுதிசெய்ய வேண்டும். நிறுவனத்தில் அப்படி ஒருவர் இல்லையெனில், வெளியிலிருந்து தொலைவழியில் ஏற்பாடு செய்யலாம்.

மேற்பார்வைச் சந்திப்புக்கு மூன்று பயன்கள் உண்டு: பணியின் தரத்தைப் பார்ப்பது, கற்பிப்பது, மனச்சுமையைப் பகிர்வது. நடைமுறையில் முதலாவது மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது. விடுப்புக் கணக்கை வேறு நேரத்திற்கு ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு சந்திப்பிலும் குறைந்தது ஒரு நோயாளியைப் பற்றியாவது விரிவாகப் பேச வேண்டும். இரு பிரிவினரும் கூடிப் பேசுவதற்கு, 1965-இல் வெளியான பார்தெல் அளவுகோல் நல்ல பொதுமொழி. பத்து அன்றாடச் செயல்களைக் கொண்ட அது, ஒருவரால் என்ன முடியக்கூடும் என்பதை விட்டுவிட்டு, அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதையே பதிவுசெய்கிறது. அந்த உண்மையை மிக நெருங்கி அறிந்தவர் பராமரிப்புப் பணியாளர் என்பதால், கூட்டத்தில் அவர் பேச்சுக்கு இயல்பாகவே எடை கூடும்.

வளர்ச்சிக்கான பாதையையும் எழுத்தில் தர வேண்டும். பராமரிப்புப் பணியாளர் சிகிச்சை உதவியாளராகவும், விரும்பினால் பட்டப்படிப்பின் வழியாகச் சிகிச்சையாளராகவும் உயர வாய்ப்பிருந்தால், ஒவ்வொரு படிக்கும் உரிய சம்பள உயர்வை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகளுக்குக் கட்டிப்போடும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் கசப்பையே விளைவிக்கின்றன. விலகுபவரிடம் காரணம் கேட்பதைவிட, இருப்பவரிடம் மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் எது விலகத் தூண்டுகிறது என்று கேட்பது பயன் தரும். முதலாண்டில் விலகியவர்களின் எண்ணிக்கையை மேற்பார்வையாளர் வாரியாகவும் ஷிப்ட் வாரியாகவும் பிரித்துப் பார்த்து, அதன்படி அடுத்த ஆள்சேர்ப்புக்கு முன்பே பணிநேர அட்டவணையைத் திருத்த வேண்டும்.